செலினின் கால் புண்ணும் டெட் எம்மும்

பர்மிங்ஹாம்,
12.11.2001

அன்புள்ள அம்மாவுக்கு ரேச்சல் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முட்டிவலி எப்படி? காசிமேட்டில் இன்னும் ஈரத் தரையில் உட்கார்ந்துதான் மீன் விற்கிறாயா?

என் மகள் செலினுக்குக் காலில் கட்டி உடைந்ததாக, மாமாவை எழுதச் சொல்லி நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. "டெட்ராசைக்ளின் மாத்திரய ஒடச்சுப் புண்ணு மேல தூவிகினு கீறேன், காஞ்சுடும், நீ பேஜாராவாத" என்றிருந்தாய். தூவாதே அம்மா. அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகளைத்தான் நான் இங்கே ஆராய்கிறேன். அவற்றைக் காப்பாற்றும் ஜீன்களுக்கு டெட் ஏ, டெட் பி என்று பெயர் வைத்து, ஆங்கில எழுத்தே தீர்ந்துபோய், இப்போது முப்பது, முப்பத்தொன்று என்று எண் கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு குழந்தையின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியில் புது ஜீன் கிடைத்ததாகத் துள்ளினேன். பார்த்தால் பழைய டெட் எம். லேபில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தக் குழந்தைக்கும் செலின் வயதுதான்.

ஜீனுக்குப் பெயர் சொல்லத் தெரிகிறது, செலின் காலைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. உன் தெரு மூலைக்கடைக்குப் போன் போட்டாலும் நாலு நாளாக மணி அடிப்பதில்லை. நீ எழுதியே பத்து நாளாகிறது, இது வந்து சேர இன்னும் பத்து நாள். மாமா படித்துக் காட்டியதும் புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரமாகப் பேனாவால் கோடு போடு. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், மீன் கூடையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆறியிருந்தால் அதே பேனாவால் அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. சாக்ஸ் வாங்க அளவு வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் மகள்
ரேச்சல்