வெள்ளைச் சாமந்தி ஜாடி

குன்றத்தூர்
3.2.2025

அன்புள்ள மகாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். இரண்டு நாளில் வருகிறேன் என்று வாலாஜாபாத் போனவள், இன்றோடு பத்தொன்பது நாள். நான் வைக்கும் ரசத்தைப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

நடந்ததை விடு. ஜப்பான்கார எம்.டி.யின் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, நம் பீங்கான் கம்பெனி கொடுத்த ஜாடியில் நீ தீட்டியது வெள்ளைச் சாமந்தி. நமக்கு அது சாமிக்குச் சாத்துகிற பூ, ஜப்பானில் இழவு வீட்டுப் பூவாம். யாருக்குத் தெரியும்? ஒரகடத்தில் வேறு கம்பெனியா இல்லை? வந்துவிடு.

உன் ஜீவா

வாலாஜாபாத்
11.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

அம்மா நலம். ரசத்துக்குப் புளியைக் குறையுங்கள்.

அந்த ஜாடிக்கு நான் முதலில் வரைந்து கொடுத்தது முல்லை. முல்லை என்றால் வீட்டில் காத்திருப்பது என்று பள்ளியில் படித்தோமே. அந்த அம்மா குணமாகி வரட்டும், வீடு காத்திருக்கிறது என்று சொல்லத்தான் போட்டேன். மாதிரித் தாளில் அதை அடித்துவிட்டு, 'பூ பெரிதாக இருக்கட்டும், சாமந்தி போடு' என்று சிவப்பு மையில் எழுதியவர் சூப்பர்வைசர். அவர் என் வீட்டுக்காரர்.

மேனேஜர் எல்லார் முன்னாலும், "ஏம்மா, எழவு வூட்டுப் பூதான் கெடச்சுதா உனக்கு?" என்றபோது நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வேலை போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

சாமந்தி போடச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

உங்கள் மகா

குன்றத்தூர்
2.3.2025

அன்புள்ள மகா,

சொல்லத்தான் இருந்தேன். ஏப்ரலில் என்னை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்குவார்கள் என்கிறார்கள். வீட்டில் ஒருவர் வேலை போனது போதாதா? வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தத் தாளை ஃபைல் ஃபைலாகத் தேடினேன், காணோம். அது மட்டும் கையில் இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

எம்.டி.யின் மனைவி போன வாரம் இறந்துவிட்டார். ஜாடி திரும்பி வந்து ஸ்டோரில் கிடக்கிறது. இப்போது போய் எப்படிப் பேச்செடுப்பது?

ஜீவா

வாலாஜாபாத்
9.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

அந்த அம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவர் கட்டிலருகே இருந்த அந்தப் பூவைத் தீட்டியது என் கைதான்.

மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னை வேலையைவிட்டு அனுப்பிய அன்றே டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து எடுத்து வந்தேன். அதைக் காட்டியிருந்தால் என் வேலை தப்பியிருக்கும், உங்களுடையது போயிருக்கும். நீங்களே சொல்வீர்கள் என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது அது உங்கள் கையில்.

மகா

வாலாஜாபாத்
20.6.2025

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

தாள் கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். பதிவுத் தபாலுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புகை அட்டை எனக்கு மார்ச்சிலேயே வந்துவிட்டது. நீங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதைப் பெயின்டிங் செக்ஷன் கலைமதி சொன்னாள்.

இங்கே மண்தொட்டிக் கடையில் வர்ணம் தீட்டச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் முதலாளியம்மா, "இன்னா பூ நல்லா வரும் உனக்கு?" என்று கேட்டார். எது சொன்னாலும் போடுகிறேன், முல்லை மட்டும் வேண்டாம் என்றேன்.

சீனிவாசன் மகள்
மகாலட்சுமி