பின்சீட்டுக்கு ஒரு கண்ணாடி

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆடிப்பெருக்கு முடிந்து, அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் இன்று கைக்கு வந்தது. அதே முருகன், அதே குழந்தை இயேசு, அதே அருவி. அருவிக்கு மட்டும் நீலம் கொஞ்சம் கூட. இனி டிசம்பர் வரை ஆர்டர் பிடிக்க நாய் அலைச்சல்.

செய்ய வேண்டியவை:
ஆல்பங்களைக் காரில் ஏற்ற.
சாத்தூர் பார்ட்டிகளுக்குப் போன்.
முன் டயருக்குக் காற்று.
ரியர்வியூ கண்ணாடி.

கடைசிதான் முக்கியம். நேற்றும் சபைக்குப் போகையில் மெர்சி பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஒரு காய்ச்சல் வந்து காது போனது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையும் அதோடு போனது. காது மெஷின் வைத்துப் பார்த்தோம். ‘பட்டாசுக் கட்டு வெடிக்கிற மாதிரி இருக்கு, வேண்டாம்’ என்று கழற்றிவிட்டாள். என் வாயசைவை மட்டும் நன்றாகப் படிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற வாய்.

அதற்கும் கேடு வந்தது போன மாதம். ஆமத்தூர்ப் பக்கம், ரோட்டோரம் ஒரு அம்மாள் நல்ல கொய்யா வைத்திருக்கிறாள் என்று சொல்ல மெ. பக்கம் திரும்பினேன். முன்னால் லோடு லாரி நின்றது. பிரேக் பிடித்தது ஆண்டவர்தான், நான் இல்லை. மெ. நெற்றியில் சின்ன வீக்கம். அன்றே போனில் தட்டிக் காட்டினாள்: ‘நீங்க ரோட்டப் பாருங்க. நான் பின்னால இருந்துக்கிடுதேன்.’

அன்றிலிருந்து அவளுக்கு என் பிடரி. எனக்குக் காலி சீட்டு.

பேச்சை அதற்கு முன்பே விட்டுவிட்டாள். வீட்டில் சைகை, போனில் எழுத்து. அவள் குரல் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வாயை அவள் பார்க்கும்படி வைத்துவிட்டால், பதிலுக்கு ஒரு வார்த்தையாவது வருமோ என்று ஒரு நப்பாசை. இருக்கட்டும், நப்பாசைதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் சூலக்கரை. ஒரு ஆபீஸ் ஆர்டர், தட்டிப்போனது.

கண்ணாடியைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். நான் முன்சீட்டில், மெ. பின்னால். ‘தெரியுதா?’ கட்டைவிரலை ஆட்டினாள், இல்லை. போனில்: ‘கண்ணு, புருவம். அதுக்குக் கீழ ஒன்னுமில்ல.’ கொஞ்சம் சாய்த்தேன். இப்போது வாய் தெரிகிறது, ஆனால் எனக்குப் பின்னால் வரும் ரோடு தெரியவில்லை. கார் கூரைதான் தெரிகிறது. கண்ணாடி அகலமே ஒழிய உயரம் இல்லை. முகத்தை ஒரு துண்டாகத்தான் காட்டும்.

எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். “என்ன சார், வண்டி ஓடாமலே டிரைவிங் கிளாஸா?” சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேறு கண்ணாடி மாற்ற முடியுமா என்று பார்க்க இன்று பிரித்தேன். கூரையில் இரண்டு ஸ்குரூ, கழன்று வந்தது. கண்ணாடியைச் சுற்றி பிளாஸ்டிக் விளிம்பு. மகள் பெங்களூர் போகும்போது விட்டுப்போன ஹேர் டிரையரால் சூடு காட்டி, தட்டை ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு மெல்ல நெம்ப வேண்டும் என்று வீடியோவில் ஒருவன் வெண்ணெயில் கத்தி விடுகிற மாதிரி செய்தான். நான் செய்தேன். டப்.

மூலையிலிருந்து மூலை வரை விரிசல். கையிலும் ஒரு கீறல்.

உள்ளே ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. ராத்திரி விளக்கு கண்ணில் அடிக்காமலிருக்கக் கீழே ஒரு நாக்கு, அதற்கு ஒரு தகடு. பின்னால் உருண்டை மூட்டு. கண்ணாடியே ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. இவ்வளவு காலம் பார்த்தும் தெரியாது.

வீட்டில் கண்ணாடி உடைந்தால் ஆகாது என்பார்கள். கார் வீட்டுக் கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டேன். மெ. மஞ்சள் வைத்துக் கட்டுப் போட்டாள். நர்ஸாக இருந்த காலத்தில் மஞ்சளைக் கண்டால் குதிப்பாள். மருந்து டப்பா காலியாம்.

கட்டும்போது என்னை வையவில்லை. அதுதான் வலித்தது. முன்பென்றால் வாசல்வரை கேட்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிவகாசி. இரண்டு ஆர்டர். சாயங்காலம் கார் சாமான் கடை.

“உள்ள மாட்டுற கண்ணாடி ஒன்னு. பின்சீட்டுல இருக்கவுகளுக்கு என் வாய் தெரியணும்.”

“அண்ணாச்சி, கண்ணாடி எதுக்கு? பின்னால எவன் முட்ட வாறான்னு பாக்கதுக்கு. பின்சீட்டுல யாரு இருக்கா?”

“என் வீட்டம்மா.”

“வீட்டம்மாவப் பாக்கவா கண்ணாடி? எல்லாவனும் பாக்காம இருக்கத்தான் வழி கேக்கான்!”

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும்தான். பிறகு, அவளுக்குக் காது கேட்காது என்றேன். பாவம், அவர் சிரிப்பை விழுங்கிவிட்டு அலமாரியையே கவிழ்த்துத் தேடினார். ரோட்டுக்கு அகலக் கண்ணாடி ஒன்று, மெ.க்கு வட்டமாய் உப்பலாய்க் குட்டிக் கண்ணாடி ஒன்று. “இது எல்லாத்தையும் காட்டும் அண்ணாச்சி.”

ஆகஸ்ட் 9, சனி

எல்லாத்தையும் காட்டியது. வாயை மிளகளவுக்குக் காட்டியது. மெ. குனிந்து, கண்ணைச் சுருக்கி, கையை விரித்துவிட்டாள்.

மத்தியானம் மேஜையில் பழைய கண்ணாடியின் வெறுங்கூடு. ஈ அடிக்கிற நேரம். சும்மா எடுத்து நட்டுக்குத்தலாக நிறுத்தினேன். அட மடையா. படுத்துக் கிடந்தால் அகலம், நிமிர்ந்து நின்றால் உயரம்! நெற்றியிலிருந்து தாடைவரை முழு முகமும் அடங்கும்.

படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் அளவு கொடுத்து வெறும் கண்ணாடி வெட்டி வாங்கினேன். முதுகில் தடித்த டேப், உடைந்தாலும் சிதறாது. கூட்டுக்குள் பசை. உருண்டை மூட்டை டாஷ்போர்டு நடுவில் ஸ்குரூ போட்டு முடுக்கினேன். டாஷ்போர்டில் ஓட்டை போட்டதற்கு மகளிடம் திட்டு நிச்சயம். பரவாயில்லை, திட்டாவது கிடைக்கட்டும்.

அழகில்லை. ஒட்டகம் கழுத்தை நீட்டுகிற மாதிரி நிற்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகம், தூறல் இல்லை. சபைக்குப் புறப்பட்டோம். ஊர் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே, மெதுவாக: “இன்னைக்கு மதியம் என்ன கொழம்பு?”

கண்ணாடியில் அவள் கண் விரிந்தது. படித்துவிட்டாள்! முழு வாக்கியத்தையும். நான் திரும்பவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வேகத்தடையில் துள்ளியது வண்டி.

பதில் வரும் என்று காத்திருந்தேன். சபை வாசலில் இறங்கிய பிறகு என் போனில் வந்தது: ‘புளிக்கொழம்பு. மூக்குல முடி தெரியுது. வெட்டுங்க.’

சிரித்தேன். அவளுக்கு நான் கிடைத்துவிட்டேன். எனக்கு அவள் இன்னும் எழுத்தாகத்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை மாதிரி வந்து ஏமாற்றியது. பெரியக்கா போன். அவள் மகன் கல்யாண ஆல்பம் ஒரு வருடம் கழித்து இப்போதுதான் வந்ததாம், வந்து பார்க்கச் சொன்னாள். போக மனசில்லை.

அந்தக் கல்யாண வீட்டில்தான் நின்றது பேச்சு. பந்தியில் மெ. சத்தமாக ரசம் கேட்டாள். தன் சத்தம் தனக்குத் தெரியாதே. பெரியக்கா உதட்டில் விரல் வைத்து, “மெல்லப் பேசு தாயி, ஒனக்கு மைக்கே வேண்டாம்” என்றாள். இலையில் உட்கார்ந்தவர்கள் சிரித்தார்கள். மெ.க்கு வார்த்தை கேட்கவில்லை, விரலும் சிரிப்பும் தெரிந்தது. அதோடு சரி.

இன்று சாத்தூரிலிருந்து தனியாகத் திரும்பும்போது அவள் ஞாபகம்தான். நைட் டியூட்டி முடிந்து நான் அழைத்து வருவேன். வார்டில் நடந்ததெல்லாம் வரும்: பல்செட்டைத் தண்ணீர் ஜக்கில் போட்ட பெரியவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்பந்தம் பேசி முடித்த இரண்டு குடும்பம். கதை முடியுமுன்னே சிரித்துவிடுவாள். பாதிக் கதைதான் எனக்குக் கிடைக்கும். மீதிப் பாதிகளெல்லாம் எங்கே போயின? கேட்டு வாங்கி வைத்திருக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் ஆளுக்காக ஒருவன் இப்படி ஏங்குவானா என்றால், ஏங்குகிறேன். ஊருக்குப் போனவளாக இருந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. ஏ.சி. வேலை செய்யவில்லை, ஜன்னலெல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன்.

சபையில் பாடகர் குழு, மெ. முன்பு தனியாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டைப் பாடியது. நல்ல பிள்ளைகள்தான், சுருதி மட்டும் அவரவர் வீட்டில் இருந்தது. மெ. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்து ஆள் திருப்பும்போது திருப்பினாள். வாய் மூடியே இருந்தது.

திரும்பும் வழி. எனக்குத் தனியாகப் பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. காது கேட்காதவளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு வருகிற வியாதி. லாரிக்காரனைத் திட்டுவேன், ஆர்டர் தராதவனைத் திட்டுவேன். இன்று டாஷ்போர்டில் கண்ணாடி நிற்பதே மறந்துவிட்டது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“இவ பாடிக் கேட்டவனுக்கு இதெல்லாம் ஒரு பாட்டா? ஆண்டவரே, பாடக்கூட வேண்டாம். இவ என்னைய வைஞ்சாப் போதும். ஒத்த வார்த்த வைஞ்சாப் போதும்.”

“வைஞ்சாப் போதுமா?”

பின்சீட்டிலிருந்து. வண்டியே அதிர்கிற மாதிரி.

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த பைக்குக்காரன் என்னென்னவோ சொல்லிக்கொண்டே விலகிப் போனான். ஓரம் கட்டினேன். கருவேலம், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் சுவர், ஆள் இல்லை.

“மொதல்ல சன்னல ஏத்துங்க. ஊரே கேக்கும்.”

நாலு ஜன்னலையும் ஏற்றினேன். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவள் குரல் அது இல்லை. எழுதத்தான் வேண்டும். மூக்கு வழியாக வருகிறது, ஏற்ற இறக்கம் இல்லை, வார்த்தைகளின் ஓரமெல்லாம் கரைந்துவிட்டது. நான் ஏங்கிக் கிடந்த குரல் இனி வராது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பேசியது அவள். என்னைக் கேட்கிற தோரணை அவளுடையது.

கண்ணாடியைப் பார்த்து, “பெரியக்கா சொன்னதுக்கா இம்புட்டு நாளு?” என்றேன்.

“அவுக கெடக்காக. அவுகளுக்குப் பயந்தா நான் பேசாம இருக்கேன்? எனக்கே என் சத்தம் கேக்கல. வாயிலருந்து என்ன வருதுன்னே தெரியல. கூடவா வருது, கொறையவா வருது, மனுசக் குரலாத்தான் வருதான்னு தெரியாம எப்பிடிப் பேச?” மூச்சு வாங்கினாள். “ஒங்க காதுக்கு அசிங்கமாக் கேட்டுறக் கூடாதுன்னு இருந்தேன்.”

என் காதுக்கா! நான் பேசு பேசு என்று ஏங்க, அவள் எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

“என் மொகத்தப் பாரு” என்றேன். “சத்தம் கூடுனா புருவத்தத் தூக்குதேன். அதுவரைக்கும் பேசு.”

பேசினாள். டிபன் டப்பாவைக் காரிலேயே நாற விடுவது, மகள் போன் பண்ணினால் பாதியைத்தான் அவளுக்குச் சொல்வது, குறட்டை. அவளுக்குக் கேட்காவிட்டாலும் கட்டில் ஆடுகிறதாம். எனக்குக் கண்ணீர் கொட்டியது. கண்ணாடியில் அவளும் பார்த்தாள்.

“அழுதது போதும், வண்டிய எடுங்க. கறிக்கடைக்காரன் சாத்திருவான்.”

சாத்திவிட்டான். பக்கத்துக் கடையில் முட்டை. நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். மெ. அவளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் புருவத்தை அசைக்கவில்லை.

“இதுல ஒன்னு விரிசலா இருக்கு, மாத்திக் குடுங்க” என்றாள், முன்னைவிடச் சத்தமாக.