உட்காரக் கூடாத நாற்காலிகள்

மார்ச் 3
லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் என் வீட்டுக்கார மகாராஜாவுக்கு ஜன்னலோரமே கதி. நுரையீரல் கெட்டதிலிருந்து ஒரு மாடிக்கு மேல் சேர்ந்தாற்போல் ஏறவோ இறங்கவோ முடியாது. படியிலேயே உட்காரலாம் என்றால் முட்டி அவ்வளவு தாழ மடங்காது. "கீழ தெரு இருக்கா, வித்துட்டாங்களா?" என்றார். "வாடகைக்கு விட்டிருக்காங்க" என்றேன். சிரிக்கவில்லை. அவரைத் தனியே விட்டு நானும் மார்க்கெட்டைத் தாண்டிப் போவதில்லை. யாருக்குக் கால் போச்சு, அவருக்கா எனக்கா?

மார்ச் 9
டிசைன் படித்தவர்கள் நாலு பேர் வந்தார்கள். தலைவி ஒரு கண்ணாடிக்காரி. லிஃப்ட் நின்றுபோனதைப் பற்றி ஊரையே யோசிக்க வைக்கப் போகிறாளாம்.
"ரிப்பேர் பண்ண மாட்டீங்களாம்மா?"
"அது எங்க கையில இல்லக்கா. கேள்வி கேக்க வைக்கிறதுதான் எங்க வேலை."
கேள்விக்கு இந்த வீட்டில் என்ன பஞ்சம்.

மார்ச் 15
ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு சிவப்பு நாற்காலி. குறுக்கே கயிறு. உட்காரக் கூடாதாம்.
"கீழ வர முடியாதவங்கள நினைச்சுப் பாக்கறதுக்குக்கா."
"நினைப்பானேன்? மேல வா, காட்டறேன்."
அவள் முகம் சுண்டிப்போனது. பாவம், கொஞ்சம் கூடிப்போச்சோ?

மார்ச் 17
படியெல்லாம் கூட்டம், போட்டோ. இவர் கதவிடுக்கில் நின்று அவர்களை வேடிக்கை பார்க்கிறார்.

மார்ச் 22
கயிறுகளை அவிழ்த்தேன். நாற்காலி நாற்காலியாக உட்கார வைத்து இறக்கினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையெல்லாம் புதுப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.
திரும்பி வந்தால் படியில் ஒரு நாற்காலிகூட இல்லை. கண்காட்சி வேறு ஊருக்காம், லாரியில் ஏற்றிவிட்டார்கள். மருந்து மேலே. இவர் கீழே. நான் என்ன பண்ணுவேன் — தூக்கவா முடியும்? ஏறப் பார்த்தவர் முதல் திருப்பத்திலேயே சுவரைப் பிடித்து நின்றுவிட்டார், உதடெல்லாம் நீலம். "யாராவது ஒரு நாற்காலி குடுங்களேன்" என்று கத்தினேன். எப்போதும் சிரிக்கிற என் வாய் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு கதவு திறந்தது. அப்புறம் மேலே மேலே ஒவ்வொன்றாக. இரண்டாம் மாடி டீச்சர் சாப்பாட்டு மேசை நாற்காலியையே இழுத்து வந்தாள். ஒவ்வொன்றிலும் உட்கார வைத்து மேலே கொண்டு சேர்த்தேன்.

மார்ச் 24
திருப்பங்களில் போட்ட நாற்காலிகளை யாரும் திரும்ப உள்ளே எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 11
கண்ணாடிக்காரி மூச்சு வாங்க வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தாளாம்.
"அன்னிக்கு நாற்காலிய எடுக்கறப்ப ஒரு வார்த்த கேட்டிருக்கணும்க்கா." படிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மூணாவது மாடியில உக்காந்துட்டுத்தான் வந்தேன். அந்த நாற்காலி கால் ஆடுது. சரி பண்ணட்டுமா?"
"உக்காந்து பாத்தாத்தான தெரியுது?" என்று சுத்தியலைக் கொடுத்தேன்.
"சார் எங்கக்கா?"
ஜன்னல் வழியே கீழே காட்டினேன். டீக்கடை பெஞ்சில் யாரோடோ வாயடித்துக்கொண்டிருந்தார். "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால், அப்புறம் என்று கையை ஆட்டுகிறார்.
லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. சாப்பாடு ஆறுகிறது.