பெயர் மாறியது, மருந்து மாறவில்லை

அன்புள்ள நைனாவுக்கு,

சுகிர்தா எழுதுவது. ஐதராபாத்தில் நான் நலம். உத்திரமேரூர் டாக்டரிடம் காதைக் காட்டினீர்களா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

வேலையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்த ஆப்பில் எல்லா நோயாளிகளும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி இணைய முகவரியோடு தனிப் பக்கம் வைத்தது நான்தான். அதை வார்டில் முதன்முதலாக ஓட்டியபோது நர்ஸ் செவ்வந்தி அக்கா பக்கத்தில் நின்றேன். அவர் வாலாஜாபாத்துக்காரர். ஒரு நோயாளியின் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கத்துக்குப் போனார். மேலே பெயர் மாறியது. கீழே முன்னவருடைய இன்சுலின் அப்படியே நின்றது. நான் அதைக் கவனிப்பதற்குள் அக்கா ஊசியோடு கட்டிலுக்குப் போய்விட்டார்.

“போடாதீங்கக்கா!” என்று கத்தினேன்.

“இன்னாடி பேஜார் பண்ற? ஸ்கிரீன்ல அப்பிடித்தான கீது!”

“அது முன்னாடி ஆளோட மருந்துக்கா!”

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். கட்டிலில் இருந்த பெரியவருக்குச் சர்க்கரை வியாதியே இல்லை.

ஆப்பை அங்கேயே நிறுத்தினோம். பக்கத்தின் முகவரி மாறும்போதெல்லாம் மருந்தையும் புதிதாக எடுத்துவரும்படி திருத்திவிட்டேன். இப்போது சரியாக ஓடுகிறது. நான்தான் இன்னும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபீஸில் ஏசி குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய லுங்கி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அம்மா அதைத் துவைக்க வேண்டாம். கம்பெனி வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்
சுகிர்தா