என்ன வருத்தம் என்று கேட்டேன்

ஆனி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். இருப்பு: அயோடின் அரைப் புட்டி, கொயினா கொஞ்சம். பஞ்சு அறவே இல்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிக்க வைக்க வேண்டும். ஜப்பான்காரன் உத்தரவில் கடிகாரம் டோக்கியோ நேரம், வயிறு மட்டும் பழைய நேரம்.

வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்தான், நானும் பட்டாளத்து டாக்டர் உடுப்பைக் கழற்றி இந்த டிஸ்பென்சரியைத் திறந்தேன். பழைய சிப்பாய்கள் என்னைத் தேடி வருவதை விடுவதாயில்லை. இன்று ஒருவன் இடது கையால் சல்யூட் அடித்தான். எரிச்சல். வலது கை தூக்க வரவில்லையாம். பெயர் முத்தையா, தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது ஜப்பான்காரனின் கூலி முகாமில். காயமில்லை. எலும்பு சரி. ஊசியால் குத்தினால் துடிக்கிறான். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்றே நினைத்தேன்.

"உமக்கு என்ன வருத்தம்?" என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். அவனுக்கோ அது மனத்துயரம். முகம் கோணிப்போயிற்று. மழையிலேயே எழுந்து போய்விட்டான்.

ஆனி 4, புதன்

வெயில். முத்தையா மறுபடி வந்தான்.

"நேத்து கேட்டீங்களே சார், என்ன வருத்தம்னு. இதுவரைக்கும் யாரும் கேக்கல சார்."

நோயைத்தான் கேட்டேன் என்று திருத்த வாய் வரவில்லை.

"எங்கள பிடிச்ச புதுசுல ஜப்பான்காரன் கடற்கரைக்குக் கொண்டுபோனான். குழி நெறையச் சீனனுங்க. சுட்டுப் போட்டிருந்தான். மண்ணத் தள்ளுன்னான். அதுல ஒருத்தன் கண்ணத் தொறந்தான் சார். 'அண்ணே, நான் சாகல, மண்ணு போடாதீங்க'ன்னான். தமிழ்ல சார். நம்மள மாதிரியே."

"பிறகு?"

"முதுகுல துப்பாக்கி. போட்டேன்."

தமிழ் பேசும் சீனன். புருவத்தில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினான். பக்கத்துச் சைக்கிள் கடை ஆ ஹெங். அந்தப் புருவத்தைத் தைத்ததே நான்தான்.

ஐயோ. ஜப்பான்காரர்கள் அவனை லாரியில் ஏற்றிப் போனார்கள், திரும்பி வருவான் என்றுதானே இருந்தோம்!

ஆ ஹெங்கின் மனைவி லெட்சுமி. சீனப் பிள்ளை, தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. சீனம் வராது. அவளோடு பேசத்தான் ஆ ஹெங் தமிழ் கற்றான்.

பக்கத்துக் கடையைப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன்.

ஆனி 5, வியாழன்

மப்பு. லெட்சுமியிடம் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கு வெளியே புக்கிட் பாஞ்சாங்கில் அவள் உறவுக்காரர் தோட்டம். போனால் மரவள்ளியாவது கிடைக்கும். புருஷன் திரும்பி வந்து தேடுவாரே என்று நகர மாட்டேன் என்கிறாள். குழந்தைக்கு விலா எலும்பு தெரிகிறது. இன்னும் ஒரு மாதம் தாங்காது.

கடை வாசல் வரை போனேன். "டாக்டர், தேத்தண்ணி?" என்றாள். குடித்துவிட்டுத் திரும்பினேன். கோழை.

ஆனி 6, வெள்ளி

தூறல். முத்தையா பெஞ்சில், கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்திருந்தான். லெட்சுமி குழந்தையோடு நுழைந்தாள். வயிற்றுப்போக்கு.

"லெட்சுமி, ஆ ஹெங்..." என்று தொடங்கினேன்.

"கடைய மூடிட்டுப் போன்னு சொல்வீங்க. அவரு வந்துருவாரு லா. அவருக்குத்தான் தமிழ் வருதே டாக்டர். நம்ம சிப்பாய் ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும். சாக விட்டுருவானா?"

முத்தையா எழுந்தான்.

"தங்கச்சி," என்றான்.

நான் அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன்.