ஒரு பூட்ஸ் தூரம்

பிராக்கன்ஷா
மே 8, வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள கிர்ஸ்டிக்கு,

போன சனிக்கிழமை கால்பந்து மைதானத்து வாசலில் உன் அப்பா ஐந்து நிமிடம் சூப்பர்மார்க்கெட் அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றான். இப்போது டிக்கெட் எல்லாம் போனுக்குள் போய்விட்டதே, அதைத் திறக்கிறேன் என்று உன் அம்மா முட்டைக்கும் பாலுக்கும் புள்ளி சேர்க்கும் அட்டையைத் திறந்திருக்கிறேன். இயந்திரம் சிவப்பு விளக்குப் போடுகிறது, நான் மறுபடி காட்டுகிறேன், அது மறுபடி சிவப்பு. பின்னால் இருநூறு பேர். பக்கத்து இருக்கை நார்மன் சும்மா இருப்பானா? "கிளிஃப், அப்படியே ரெண்டு டஜன் முட்டைக்குத் தள்ளுபடி உண்டான்னு கேளு!" என்று கத்தினான். வரிசையே சிரித்தது. நாற்பத்தொரு வருடம் ஒரே இருக்கையில் உட்காருகிறவனுக்கு வாசலில் கிடைத்த மரியாதை இது.

இதைச் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்க முடிந்தது. மற்றதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் போனை அணைத்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் என்னென்ன எழுதி அனுப்பினார்கள் என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் அவள் சொல்லவில்லை. சொன்னதே போதும். கோட்டோரம் கொடி பிடிக்கிற வேலையை விட்டுவிடப் போகிறாய், நடுவர் அலுவலகத்துக்கு விலகல் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டாய், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாய் என்றாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்று மதியத் தபாலில் போட்டால் நாளைக்கே உன் ட்ரூரோ வீட்டுக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்துப் பெண் உறுதி சொல்லியிருக்கிறாள். நீ முடிவு செய்வதற்கு முன் நான் பார்த்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று நீ கொடி பிடிக்க வருவாய் என்று எனக்குத் தெரியாது, கண்ணு. வர வேண்டிய லைன்ஸ்மேனுக்குக் காலையில் வயிறு சரியில்லை, நீ வேறு ஆட்டத்துக்காக வடக்கே வந்து தங்கியிருந்தாய், பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அப்பா இந்த ஊர் ரசிகர் என்று நீ முன்கூட்டியே சொல்லியும், பரவாயில்லை போ என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ வாயை மூடிட்டு இருந்திருப்பியா?" என்றாள். நியாயம்தான்.

வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. உனக்கே தெரியும்.

இருபதாவது நிமிடம். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் நம் பின்காவலனோடு தோளோடு தோள் ஓடிவந்து கோல் போட்டான். ஆஃப்சைடு என்று நீ கொடியைத் தூக்கவில்லை. நான் எழுந்து நின்று, முப்பது வருடமாக எல்லா லைன்ஸ்மேனுக்கும் கொடுக்கிற அதே வசனத்தை உனக்கும் கொடுத்தேன். "ஏம்மா, அது கொடியா, குடையா? மழை வந்தாத்தான் தூக்குவியா?" பன்னிரண்டு வரிசையும் சிரித்தது. நீ திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. முடியை அவ்வளவு குட்டையாக வெட்டியிருக்கிறாய் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. நாற்பது வருடமாக நான் கொடியைத்தான் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்திருக்கிறவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இடைவேளை முடிந்து நீ உன் இடத்துக்கு வந்து நின்றாய். குனிந்து காலுறையை இழுத்துவிட்டாய். முதலில் இடது, பிறகு வலது, திரும்பவும் இடது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் தினமும் பார்த்த காரியம். என் கையில் இருந்த இறைச்சிப் பணியாரம் அப்படியே மடியில் விழுந்தது. சூடாக.

அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நார்மன் என்னை உற்றுப் பார்த்தான். "என்னடா, பல் செட்டு ஒட்டிக்கிச்சா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். நீ சின்னப்பிள்ளையாக எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது, இடைவேளை தோறும் பையிலிருந்து டாஃபி எடுத்துக் கொடுத்த அதே நார்மன்தான். அவனுக்கும் உன்னை அடையாளம் தெரியவில்லை. செய்தித்தாளில் 'கே. மெடோஸ்' என்று உன் கணவர் வீட்டுப் பேர் வந்ததால் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எழுபதாவது நிமிடம் நாம் ஒரு கோல் போட்டோம். இன்னொன்று போட்டால் லீக்கில் இருப்போம், இல்லையென்றால் தொண்ணூற்றேழு வருடத்துக்குப் பிறகு வெளியே. பெரிய லீக்கில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது. அங்கே வாரத்துக்கொரு மேனேஜரை மாற்றுகிறார்கள், தொலைக்காட்சிக்காரன் சொல்கிற நேரத்துக்கு ஆடுகிறார்கள். எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவனுடைய அக்குளுக்குக் கோடு போட்டு, நாலு நிமிடம் கழித்து அது கோல் இல்லை என்கிறார்கள். கட்டிப்பிடித்தவன் கையை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நிற்கிறான். அந்த வீடியோ சனியன் நம் லீக்குக்கு வரக்கூடாது, மனுஷக் கண் போதும் என்று போன வருடம் மனு எழுதியது யார் தெரியுமா? ரசிகர் சங்கச் செயலாளர் கிளிஃப் ஒக்டன். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து நார்மனுடையது.

தொண்ணூற்று நாலாவது நிமிடம். பந்து வலைக்குள் போனது. நானும் குதித்தேன், மறைக்க மாட்டேன். நார்மன் என்னைத் தூக்கியேவிட்டான். அவன் தோளுக்கு மேலே இருந்து பார்த்தபோதுதான் உன் கை தெரிந்தது. அவ்வளவு பேர் கத்திக்கொண்டிருந்த இடத்தில் நீ ஒருத்தி அசையாமல் நின்றாய். கொடி நேராக மேலே. ஆஃப்சைடு, கோல் செல்லாது.

பிறகு நடந்ததை நீ என்னைவிடப் பக்கத்தில் இருந்து கேட்டாய். எழுத வேண்டாம். பாட்டில் எறிந்தவன் எங்கள் வரிசைக்காரன் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதிலே ஒரு பெருமை.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே நார்மன் வானொலிக்குப் போன் போட்டு உன்னைப் பற்றிப் பேசினான். முப்பத்தொரு வருடம் என் பக்கத்து இருக்கைக்காரன், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், ஈ எறும்புக்கும் பிரேக் போடுகிறவன். அந்த வாயா இது என்று இருந்தது. வானொலியை அம்மா அணைத்தாள். எனக்கு அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

நேற்று வியாழன் மாலை சங்கத்தில் அவசரக் கூட்டம். இருபத்துமூன்று பேர். தலைவர் நார்மன் சொல்லச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் செயலாளராகிய நான் எழுதுகிறேன். புகார் கடிதம். தோளோடு தோள் இருந்தவனுக்குக் கொடி தூக்கினார், முதல் பாதியில் அதே மாதிரி இருந்த எதிரணிக்காரனுக்குத் தூக்கவில்லை, எனவே இந்த 'கே. மெடோஸ்' என்பவரை நடுவர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 'நீக்க' வரைக்கும் எழுதினேன். மேலே பேனா போகவில்லை.

நார்மன், "மை தீர்ந்துடுச்சா?" என்றான்.

"இல்ல. நம்ம ஆள் ஆஃப்சைடுதான்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள், நான் வழக்கம்போல் கோமாளித்தனம் செய்கிறேன் என்று. நான் மேஜையில் சிப்ஸுக்கு வைத்திருந்த வினிகர் பாட்டிலை எடுத்துப் பின்காவலன் என்று வைத்தேன். உப்புச் சீசாவை நம் ஆள் என்று வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா கிர்ஸ்டி? உனக்கு எட்டு வயது. நான் இதே மாதிரி சமையலறையில் வைத்து, 'சமமாக இருந்தால் ஆஃப்சைடு' என்று பாடம் நடத்தினேன். நீ உப்புச் சீசாவைத் தள்ளி வைத்து, "இல்லப்பா, சமமா இருந்தா சரி. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க" என்றாய். நூலகத்திலிருந்து சட்டப் புத்தகத்தையே எடுத்து வந்து காட்டினாய். அதுவரை எத்தனை லைன்ஸ்மேனைப் பழைய சட்டத்தை வைத்துத் திட்டியிருப்பேன்! எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் கத்துகிறார்கள். போன சனிக்கிழமை இருபதாவது நிமிடத்தில் குடை என்று கத்தினேனே, கோபத்தில் நானும் அந்தப் பழைய சட்டத்துக்கே திரும்பிப் போயிருந்தேன்.

அதையும் கூட்டத்தில் சொன்னேன். "முதல் பாதியில அவங்க ஆள் சமம். அதனால அவ தூக்கல. அதுவும் சரி. நம்ம ஆள் ஒரு பூட்ஸ் தூரம் முன்னாடி. அதனால தூக்கினா. இதுவும் சரி. என் இருக்கை பதினெட்டு கெஜக் கோட்டுக்கு நேர். உங்க யாருக்கும் அந்தக் கோணம் கிடையாது. மனுஷக் கண்ணு போதும்னு மனு கொடுத்தோமில்ல? இதுதான் மனுஷக் கண்ணு."

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "எந்தப் பக்கம்டா நீ?" என்று ஒருவன். "லீக்கை விட்டே போயிட்டோம், இவன் உப்புச் சீசாவை நகர்த்திட்டிருக்கான்" என்று இன்னொருவன். நார்மன் மட்டும் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தான். "அந்தப் பொம்பளைக்காக இவ்வளவு பேசுறியே, கிளிஃப். அவ உனக்கு யாரு?" என்று கேட்டான்.

நான் எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன்.

செயலாளர் கையெழுத்து இல்லாமல் சங்கத்துக் கடிதம் போகாது, அது விதி. நான் போடவில்லை. செவ்வாய்க்கிழமை புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்பப் போகிறார்களாம். அனுப்பட்டும். ஆனால் ஒன்று. நான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மூலையில் நார்மன் ஒருவன் மட்டும் உட்கார்ந்து அந்த உப்புச் சீசாவை முன்னாலும் பின்னாலும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிர்ஸ்டி, நீ இந்த வேலையில் சேர்ந்தபோது, எந்த அணிக்கு ரசிகர் என்று ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். 'எதுவும் இல்லை' என்று நீ எழுதியதற்கு நான் ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். குடும்பத்தையே இல்லை என்று எழுதிவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைதான் அதன் அர்த்தம் புரிந்தது. இந்த ஊரே எழுந்து நின்று கத்தும்போது, அதில் அப்பனும் ஒருவனாகக் குதிக்கும்போது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஒருவருக்கு அப்படி எழுதத்தான் வேண்டியிருக்கிறது. என்னால் முடியாது. அந்த மைதானத்தில் அது முடிந்தது உனக்கு மட்டும்தான்.

அதனால் அந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்காதே. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், நீ செய்தது தவறு என்பதற்காகக் கொடு. அவர்கள் கத்தினார்கள் என்பதற்காகக் கொடுக்காதே. கத்தியவர்களில் ஒருவன் சொல்கிறேன், எங்களுக்குக் கத்துவதற்குக் காரணமே வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் பழைய அறையில் சுவருக்கு வண்ணம் அடித்திருக்கிறாள், வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். வந்தால் தங்கலாம். போனை ஒரு நிமிடமாவது திறந்து அவளிடம் பேசு. எனக்கு வேண்டாம், நான் உளறுவேன். அடுத்த பருவத்தில் நீ எந்த ஊரில் கொடி பிடித்தாலும் சொல்லு. டிக்கெட்டை யாராவது சின்னப் பிள்ளையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

உன் கண்ணும் காலும் நல்லபடி இருக்கட்டும். அந்தக் கை நடுங்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நார்மன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பூட்ஸ் தூரம் என்பது அப்பன் மகளுக்காக அளந்த தூரமாகிவிடும், உன்னைத்தான் மறுபடி இழுப்பார்கள் என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. முப்பத்தொரு வருடத்துப் பக்கத்து இருக்கை காலியாகிவிடுமோ என்கிற பயம் மீதிப் பாதி. ஈரக் கையோடு திரும்பி அவன் முகத்தைப் பார்த்தபோது தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்து சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: நம்ம கிர்ஸ்டிடா, நார்மன். நீ டாஃபி கொடுப்பியே, நம்ம கிர்ஸ்டி.