இரண்டு பக்கங்களில் ஒரே முகம்

1498, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், திங்கள்கிழமை

அன்புள்ள அண்ணன் யோர்க்குக்கு,

தங்கை வால்புர்கா அழுதுகொண்டே எழுதுவது. ஆலையில் நீ நலமாக இருப்பாய். இங்கே நாங்கள் நலமாக இல்லை. வருகிற சனிக்கிழமை சந்தைத் திடலில் உன் மச்சான், என் கணவர் லீன்ஹார்டின் வலது கையை வெட்டப் போகிறார்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நேற்று திருநாள் விருந்துக்கு எல்லார் வீட்டிலும் வாத்து வெந்தது. நான் கோபுரச் சிறைக்குக் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் கொண்டுபோனேன். லீன்ஹார்ட் பாதி ஆளாகிவிட்டார். குளிரில் விரல்கள் விறைத்துவிடுமோ என்று அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கையையா, அண்ணா!

நீ அச்சிட்ட நகர வரலாற்றை ஊரே கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அவர் மரத்தில் செதுக்கித் தந்த இருபத்திரண்டு முகக்கட்டைகளை வைத்து நூற்றறுபது பேரைக் காட்டினாய். ஒரே முகம் மூன்று அரசர்களாக வந்தது. எந்த அரசரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாலம் கட்டிய மேயரின் தாத்தாவுக்கும், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டுத் தலையை இழந்த காவலனுக்கும் ஒரே கட்டையைப் போட்டாயே! தொப்பி விளிம்பில் இருந்த உடைசல் இரண்டு பக்கத்திலும் அப்படியே விழுந்திருக்கிறது. கிணற்றடியில் மீன்காரி என்னைப் பார்த்ததும், "பாவம்டி அந்தத் தாத்தா! பாலத்தையும் கட்டி, கதவையும் தொறந்துவிட்டு, ஒண்டி ஆளா எவ்வளவு வேலை!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேயர் காதுக்கும் அது போயிருக்கும்.

கைவினைஞர் சங்க விருந்தில் மேயர் அவமானப்படுத்தியதற்காக லீன்ஹார்ட் வேண்டுமென்றே பழிவாங்கினார் என்று நகரசபை தீர்மானித்துவிட்டது. எவ்வளவு கேட்டும் அவர், "கட்டை என்னோடது, அவ்வளவுதான்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அன்று அச்சகத்தில் நானும் இருந்தேன். "ரெண்டு நாள் குடுங்க மச்சான், வேற முகம் செதுக்கித் தர்றேன்" என்று அவர் கெஞ்சினார். "அட போய்யா, எவன் ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கப் போறான்?" என்று நீதான் கட்டையை அச்சுச் சட்டத்தில் வைத்தாய்.

காவலர் வந்தபோது, அச்சுக்குப் பக்கம் கோக்கும் முன்பே நீ தாள் வாங்க வெளியூருக்குப் போய்விட்டாய் என்று சொன்னவள் நான். உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சிலுவைமேல் சத்தியம் வாங்கியவளும் நான்தான். இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என் பொய்தான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. நேற்று சத்தியத்தைத் திருப்பித் தருகிறேன் என்று காலைப் பிடித்தேன். "உங்கண்ணன் கை மட்டும் என்ன கட்டையா? போடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ அவருடைய சித்தப்பா ஆலையில்தானே ஒளிந்துகொண்டு ரொட்டி தின்கிறாய், அண்ணா?

ஊரை விட்டுப் போனவரின் கடிதத்தைச் சபை ஏற்காதாம். நேரில் வர வேண்டுமாம். எல்லா அச்சகத்திலும் ஒரு கட்டையைப் பல பேருக்குப் போடுவதுதான் வழக்கம், வன்மமில்லை என்று நீ சொன்னால் நம்பலாம். நம்பாமலும் போகலாம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதிய மணி அடிக்கும்வரை ஆற்றுத்துறையில் நிற்பேன். வரும் படகுகளை எல்லாம் பார்ப்பேன். மணி அடித்தபின் நடந்ததைச் சொல்லச் சபைக்குப் போய்விடுவேன். நீ இருக்கும் ஆலைக்கு எந்த வழி என்று கேட்பார்கள். என்னைச் சொல்ல வைத்துவிடாதே.

அம்மா இருந்திருந்தால் சொல்லும் ஆசிதான்: கடவுள் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

உன் தங்கை,
வால்புர்கா